நாங்கள் சுத்த சைவம்

கிருஷ்ணகிரியில் கிரானைட் வியாபாரம் செய்கிறவன் மார்ச் மாதக் கல் கண்காட்சிக்கு ஷியாமென் போகாவிட்டால், அவன் தொழிலை விட்டுவிட்டான் என்று ஊரே பேசிக்கொள்ளும். நான் பதினோரு தடவை போயிருக்கிறேன். எனக்குத் தெரிந்த சீனா இவ்வளவுதான்: விமான நிலையம், கண்காட்சி அரங்கு, ஷுய்தோவ் என்ற ஊரில் கண்ணுக்கு எட்டிய மட்டும் நிறுத்தி வைத்திருக்கும் ஸ்லாப்புகள், ராத்திரி விருந்தில் சுழலும் வட்ட மேசை. அந்த மேசையில் என்னவெல்லாம் சுழன்று வந்தது, அதில் எதை நான் எடுத்துக்கொண்டேன் என்பதை வீட்டில் சொன்னதில்லை.

கடைசித் தடவை குடும்பமும் கூட வந்தது. காரணம் என் மாமனார். முப்பத்திரண்டு வருஷம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"மாப்பிள்ளை, நீங்க வருஷா வருஷம் போற ஊருக்குப் பக்கத்துல தமிழ்க் கல்வெட்டு ஒண்ணு கிடைச்சிருக்கு, தெரியுமா?"

"கல் தெரியும் மாமா. வெட்டும் தெரியும். கல்வெட்டுதான் தெரியாது."

இதை நான் நகைச்சுவையாகச் சொன்னேன். அவர் அதைக் குறையாக எடுத்துக்கொண்டு ஒரு கட்டு ஜெராக்ஸோடு வந்து உட்கார்ந்தார். ஷியாமெனுக்கு வடக்கே குவான்சோ என்று ஒரு துறைமுக நகரம். சோங், யுவான் ஆட்சிக் காலங்களில் உலகத்துக் கப்பலெல்லாம் போய் நின்ற இடம். மார்க்கோ போலோ ஸைத்தூன் என்று எழுதிவைத்த ஊர் அதுதான். நம்மூர் வணிகர்கள் அங்கே குடியேறி, சிவன் கோயிலும் கட்டியிருக்கிறார்கள். 1281ஆம் ஆண்டு சித்திரை மாதம், சம்பந்தப் பெருமாள் என்பவர் மங்கோலியக் கானின் உடல்நலத்துக்காக அங்கே சாமியைப் பிரதிஷ்டை செய்ததாகத் தமிழில் வெட்டிவைத்திருக்கிறார். அடியில் ஒரு வரி சீனம். அப்போது குப்ளாய் கான் ஆட்சி.

"வெளிநாட்டுக்குப் போய்த் தொழில் பண்றவன், அந்த ஊர் ராஜா பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிவெச்சிருக்கான் பாருங்க" என்றார் மாமா. வியாபாரி என்ற முறையில் எனக்கு அது உடனே புரிந்தது.

ஒரே நாள். கண்காட்சி முடிந்த மறுநாள் தனி வண்டி வைத்துக் குவான்சோ போய்த் திரும்புவது, அதற்கடுத்த நாள் விடிகாலை விமானம். சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது.

முதல் சிக்கல் ஊர்ப் பெயர். டிக்கெட் போடுகிற தம்பியிடம் குவான்சோ என்றேன். அவர் குவாங்சோவுக்கு ஓட்டல் எடுத்துவிட்டார். திருப்பூர்க்காரர்கள் சரக்கு வாங்கப் போகிற குவாங்சோ அது. சாலை வழியாக 600 கிலோமீட்டருக்கு மேல். மாமாவுக்கு இதில் ஒரு சந்தோஷம். "னகர மெய்யும் ஙகர மெய்யும் மாறினா என்ன ஆகும்னு பசங்க கேப்பாங்க. அப்ப என்கிட்ட உதாரணம் இல்லாம போச்சு" என்றார்.

இரண்டாவது சிக்கல் யுனெஸ்கோ. 2021இல் குவான்சோவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, ஒரு கோயில், ஒரு பாலம் என்று நிறுத்திக்கொண்டிருக்கலாம். அவர்கள் மொத்தம் 22 இடங்களைச் சேர்த்துவிட்டார்கள். புத்தர் கோயில், மசூதி, கன்ஃபூசியஸ் கோயில், கடல்தேவதை கோயில், பீங்கான் சூளை, இரும்பு உருக்கிய மலையடிவாரம், கப்பல்களுக்கு நல்ல காற்று வேண்டிக்கொண்டதை அதிகாரிகள் பாறையில் வெட்டிவைத்த குன்று. மாமா இருபத்திரண்டையும் பார்ப்பது என்று முடிவு செய்தார். கிராஃப் தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பள்ளிக்கூடத்து நேர அட்டவணை மாதிரியே தயாரித்தார். ஒரு பாடவேளை முப்பது நிமிடம். பதினோராவது பாடவேளைக்குப் பிறகு உணவு இடைவேளை. ஒரு பாடவேளைக்கும் அடுத்ததற்கும் நடுவே நேரம் எதுவும் இல்லை. பள்ளியில் வாத்தியார்தானே வகுப்பு மாறிப் போவார். இங்கே மசூதி எழுந்து நம்மிடம் வரும் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ.

"மாமா, இந்தச் சூளை மலைக்கு நடுவுல இருக்கு. போய் வரவே அரை நாள் ஆகும்."

"அப்ப அதை மட்டும் விளையாட்டுப் பீரியடா வெச்சுக்கலாம்."

ஒரு வாரம் பேரம் நடந்தது. பிளாக் விலைக்குக்கூட நான் இப்படிப் பேசியதில்லை. இருபத்திரண்டு பதினான்காகி, பதினான்கு எட்டாகி, கடைசியில் ஐந்தில் நின்றது. அந்தப் பட்டியலில் இல்லாத கடல்சார் அருங்காட்சியகத்தை மாமா தனியாகச் சேர்த்துக்கொண்டார். லிங்கத்தை யானை வழிபடுகிற சிற்பம் ஒன்று அங்கே இருக்கிறது. தமிழ்க் கல்வெட்டும் அங்கேதான் இருக்கும் என்பது அவர் கணக்கு.

எட்டிலிருந்து ஐந்துக்கு இறங்கியபோது அடிபட்டது அன்பிங் பாலம். 1138இல் தொடங்கி 1151இல் முடித்த கல் பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். படத்தைப் பார்த்ததும் என் முகம் மாறிவிட்டது. அதன் ஒரு முனை ஷுய்தோவில் இருக்கிறது. பதினோரு வருஷம் அந்த ஊரில் ஸ்லாப் எண்ணியவன் நான். அதே ஊரில் எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் போட்ட ஸ்லாப்புகளைப் பற்றி ஒரு தரகர்கூட என்னிடம் மூச்சு விட்டதில்லை. அது விற்பனைக்கு இல்லை என்பதால் இருக்கலாம்.

ஷியாமெனில் அத்தைக்குக் கடல் தெரிகிற அறை வேண்டும் என்றதால், பல்கலைக்கழகத்தை ஒட்டிய விடுதி ஒன்றில் தங்கினோம். நான் கண்காட்சிக்குப் போய்விட, மாமா தினமும் காலையில் பல்கலைக்கழக மதிலோரமாக நடந்துவிட்டு வந்து மரங்களைப் புகழ்வார். அத்தைக்கு முதல் நாளே ஊர் பிடித்துவிட்டது. எங்கே போனாலும் கேட்காமலே வெந்நீர் கொடுத்தார்கள். "வெந்நீர் குடுக்கிற ஊர்ல கெட்டவங்க இருக்க மாட்டாங்க" என்றார்.

குறித்த நாளில் சரியாக ஏழு மணிக்கு வண்டி வந்தது. ஓட்டுநருக்கு முப்பது வயது இருக்கும். தமிழ் தெரியும் என்று சொல்லிக்கொள்கிற ஒரு மொழிபெயர்ப்புச் செயலியை என் மனைவி போனில் வைத்திருந்தாள். சாப்பாட்டு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும் என்று மாமா போனை வாங்கி, வகுப்பில் பேசுகிற குரலில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

"நாங்கள் சுத்த சைவம்."

போன் சீனத்தில் என்னவோ சொன்னது. ஓட்டுநர் திரும்பி எங்கள் நெற்றியைப் பார்த்தார், மரியாதையாகத் தலையசைத்தார், வண்டியை எடுத்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து, நாங்கள் காலை உணவை எதிர்பார்த்து இறங்கியபோது எதிரே கோயில் கோபுரம் நின்றது. மனைவி போனைத் திருப்பிப் பார்த்தாள். எங்களைச் சிவனை வழிபடும் சமயத்தவர், அதிலும் கலப்படமில்லாதவர்கள் என்று அது அறிமுகம் செய்திருக்கிறது. ஓட்டுநர் பாவம், சாமி கும்பிட வந்த கூட்டம் என்று நேரே கோயிலுக்கு விட்டுவிட்டார்.

அது கையுவான் கோயில். 686இல் எழுந்த புத்தர் கோயில். இரண்டு பக்கமும் 13ஆம் நூற்றாண்டில் கல்லால் எழுப்பிய இரட்டைக் கோபுரங்கள். கிழக்குக் கோபுரம் 48 மீட்டர். எல்லோரும் அதை அண்ணாந்து படம் எடுத்துக்கொண்டிருக்க, மாமா பிரதான மண்டபத்தின் பின்பக்கத்துக்கு விறுவிறுவென்று போனார். மூட்டு வலி எங்கே போனதோ. அங்கே இரண்டு பதினாறு பட்டைத் தூண்கள். அதில் இரணியன் வயிற்றைக் கிழிக்கிறார் நரசிம்மர். இன்னொரு வட்டத்துக்குள் உரலோடு மரங்களுக்கு நடுவே கண்ணன். இடிந்துபோன இந்துக் கோயிலின் தூண்களை மிங் காலத்துத் திருப்பணியில் எடுத்து இங்கே நிறுத்திவிட்டார்கள். வீணாக்க மனசு வரவில்லை. கல் வியாபாரி யாராவது பக்கத்தில் நின்றிருப்பான்.

சுற்றிலும் உள்ளூர் வெள்ளைக் கிரானைட். இந்தத் தூண்கள் மட்டும் பச்சையோடிய சாம்பல். நம்மூரில் கறுப்பு கிரானைட் என்று விற்கிற டோலரைட் ஜாதி என்று கண் சொல்லியது. விரிசல் இருக்கிறதா என்று விரல் முட்டியால் தட்டிப் பார்க்கக் கை தானாகப் போனது. அத்தை பட்டென்று ஒரு அடி வைத்தார். "சாமி மேலயா தட்டுவீங்க?" என்று கேட்டுவிட்டு, தூணின் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் ஊதுபத்தியோடு நின்ற ஒரு சீனத்துப் பாட்டி அத்தையைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், எதற்கும் இருக்கட்டும் என்று தானும் ஒரு கும்பிடு போட்டார்.

மாமா அங்கே மூன்று பாடவேளை எடுத்துக்கொண்டார். பசி என்று யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். புளியோதரை எங்கே என்றதும் அத்தையும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது விடுதி ஃப்ரிட்ஜில் பத்திரமாக இருந்தது.

கோயில் வாசலில் மேற்குத் தெரு முழுக்கத் தின்பண்டக் கடை. சைவச் சாப்பாட்டுக்குச் சீனத்தில் 'சூ' என்று சொல்ல வேண்டும் என்று படித்திருந்தேன். கடை கடையாகச் 'சூ, சூ' என்றேன். நம்மூராக இருந்தால் இந்நேரம் தெருநாய் நாலு பாய்ந்திருக்கும். இங்கே எல்லோரும் சிப்பி ஆம்லெட்டைக் காட்டினார்கள். அப்போதுதான் அத்தை கண்ணில் அது பட்டது. சின்னக் கிண்ணத்தில், கண்ணாடி மாதிரி, லேசாக ஆடிக்கொண்டு.

"சைனா கிராஸ்!" என்றார். "நம்ம வீட்ல பால் ஊத்திப் பண்றதுதான். பொறந்த ஊருக்கே வந்துட்டோம்."

மனைவி போனை எடுத்துப் பலகைக்கு நேரே பிடித்தாள். 'மண் மூங்கில் குருத்துக் கூழ்' என்று வந்தது. மண், மூங்கில், குருத்து: மூன்றும் சைவம். அத்தை கரண்டியை உள்ளே விட்டுத் தூக்கியும் விட்டார். என் கண்தான், ஸ்லாப்பில் மயிரிழை விரிசல் தேடிப் பழகிய கண், கூழுக்குள் சாம்பல் நிறத்தில் சுண்டு விரல் நீளத்துக்கு என்னவோ நெளிந்து கிடப்பதைப் பார்த்தது. மூங்கில் நெளியாது. கரண்டியைப் பிடுங்கிவிட்டேன். கடற்கரைச் சேற்றில் தோண்டி எடுக்கிற புழு அது. வேகவைத்தால் அதிலிருந்து இறங்குகிற பசையே குளிர்ந்து கூழாக உறைந்துவிடும். இந்த ஊரின் பெருமைக்குரிய பண்டம். பெயரில் மட்டும் குருத்து. அத்தை அதன் பிறகு அன்று முழுவதும் வெந்நீர் மட்டும் குடித்தார். எங்கள் மூவருக்கும் வாழைப்பழம் கிடைத்தது.

அடுத்தது பாலம் என்று அட்டவணையில் இருந்தது. ஆனால் தெருவில் எதிரே வந்த பெண்கள் தலைநிறையப் பூ வைத்திருந்தார்கள். கொண்டையைச் சுற்றி மூன்று நான்கு வட்டம். பக்கத்திலிருக்கும் ஷுன்பு என்ற மீனவர் கிராமத்துப் பெண்களின் வழக்கமாம். இப்போது சுற்றுலா வருகிற பெண்களெல்லாம் காசு கொடுத்து வைத்துக்கொள்கிறார்கள். சீனாவுக்கு வந்து இறங்கியதிலிருந்து ஒரு பூக்காரி கண்ணில் படவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்த இரண்டு பேருக்கும் இதைப் பார்த்த பிறகு எந்தப் பாரம்பரியச் சின்னமும் தேவைப்படவில்லை. ஷுன்புவில் வீட்டுச் சுவரெல்லாம் சிப்பி ஓட்டால் கட்டியிருக்கிறார்கள், பார்க்கவேண்டிய சுவர்கள். நானும் மாமாவும் அந்தச் சுவர் ஒன்றில் சாய்ந்து இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அத்தை பூவோடு வெளியே வந்தபோது மாமா எழுந்து நின்றுவிட்டார். எதுவும் பேசவில்லை. அத்தைதான் பேசினார்: "பாதி பிளாஸ்டிக். இந்தக் காசுக்கு மதுரை மல்லி ஒரு கூடை வாங்கலாம்." ஆனால் விடுதி திரும்பும்வரை கழற்றவில்லை.

லுவோயாங் பாலத்துக்கு அட்டவணைப்படி முப்பது நிமிடம். பூ போக மிஞ்சியது பதினைந்து. இங்கே நான்தான் நகர மறுத்தேன். 1053 முதல் 1059 வரை, ஆறு கடலோடு சேருகிற முகத்தில் கட்டியது. சாய் சியாங் என்ற ஆளுநர் முடித்துவைத்தது. டன் கணக்கில் எடையுள்ள ஒற்றைக் கல் பாளங்கள். கிரேன் கிடையாது. பாளத்தைப் படகில் ஏற்றி, கடல் ஏறும்போது தூணுக்கு மேலே மிதக்கவிட்டு, நீர் வடியும்போது தானே உட்காரவைத்திருக்கிறார்கள். போன வருஷம் ஒரு பிளாக்கைத் தூக்கும்போது கிரேன் கம்பி அறுந்து எனக்கு ஆன செலவு நினைவுக்கு வந்தது. அதைவிடப் பெரிய வேலை அடியில் இருக்கிறது. அடித்தளக் கற்களைப் பிணைக்க அவர்கள் சுண்ணாம்பை நம்பவில்லை. கல் மேல் சிப்பியை வளர்த்துவிட்டார்கள். சிப்பி ஒட்டிக்கொண்டு பெருகப் பெருகக் கல்லும் கல்லும் ஒன்றாகிவிட்டது.

"பாலத்தையே ஒட்டிவெக்கிற ஜந்துவையா ஆம்லெட் போட்டுத் தின்றாங்க?" என்றார் அத்தை. "வயித்துக்குள்ள போய் அது என்னத்தை ஒட்டும்!"

கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. அட்டவணையில் இருந்த மசூதியும் லாவோட்சு சிலையும் போனது போனதுதான். கல்வெட்டும் போனதில் மாமாவின் முகம் விழுந்துவிட்டது. திரும்பும் வழியில் யாரும் பேசவில்லை. ஓட்டுநர் ஒரு இடத்தில் நிறுத்தி, எல்லோருக்கும் சின்னக் கிண்ணத்தில் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். சுத்த சைவர்களுக்குத் தரிசனம் கிடைக்காத துக்கம் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பொழுது போகாமல் மாமாவின் ஜெராக்ஸ் கட்டைப் புரட்டினேன். வரிக்கு வரி சிவப்பு மையில் அடிக்கோடு. அடிக்கோடு விழாத இடம் ஒன்றே ஒன்று, பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. கல்வெட்டு கிடைத்தது குவான்சோவில்தான். ஆனால் அது வைக்கப்பட்டிருப்பது ஷியாமென் பல்கலைக்கழகத்தில்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். நான்கு நாள் காலையில் அந்த மதிலோரமாகத்தான் நடந்திருக்கிறார். விமானம் விடிகாலை ஏழு மணிக்கு.

"அடுத்த மார்ச்சும் கண்காட்சி உண்டுதானே மாப்பிள்ளை?" என்றார்.

இப்போது வீட்டில் புது கிராஃப் தாள் வந்திருக்கிறது. இதுவரை பதினேழு பாடவேளை நிரம்பிவிட்டது. நீங்கள் யாராவது சீனத்துத் தமிழ்க் கல்வெட்டைப் பார்க்கப் புறப்படுவதாக இருந்தால் முகவரி இதுதான்: ஷியாமென் பல்கலைக்கழக மானுடவியல் அருங்காட்சியகம். வண்டி பேச வேண்டாம்.