வேலான் பிடிக்கவில்லை

மியூனிக்,
செவ்வாய் இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

“ஒத்தக் காயிதம் அடிக்க மூணு நாளால?” என்று அப்பா நேற்றுப் போனில் கேட்டபோது பின்னால் நீ சிரித்தது எனக்குக் கேட்டது. சிரி. சந்திப் பிள்ளையார் முக்குக்குப் போனால் ஜெராக்ஸ் கடை இருக்கிற தைரியம் உனக்கு.

அத்தான் அனுப்பிய பவர் பத்திரத்தோடு வியாழக்கிழமை நான் இந்தியத் துணைத் தூதரகத்தில் நிற்க வேண்டும். கையெழுத்தை அதிகாரி கண் முன்னால்தான் போட வேண்டுமாம். போனைத் திறந்து காட்டினால் துரத்திவிடுவார்கள். தாள் ஊருக்கு வந்ததும் 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும் என்று அத்தான் இப்போதே அவசரப்படுத்துகிறார். அவருக்கென்ன, தாள் பிரிண்டரை விட்டே வெளியே வராத கதை தெரியாது.

சனிக்கிழமை ராத்திரிதான் ஆரம்பித்தேன். இங்கே 8 மணிக்குக் கடையெல்லாம் சாத்திவிடுவார்கள், ஞாயிறு திறக்கவே மாட்டார்கள். திங்கட்கிழமை போயிருக்கலாமே என்பாய். காருக்கு மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நாலு பக்கம் அச்சடிக்கக் கடை வாசலில் நிற்பதா? ரோஷம்தான், வேறென்ன.

போன மாதம் புது ரவுட்டர் வந்தது. அதன் அடியில் கடவுச்சொல் என்று 20 இலக்கம் ஒட்டியிருக்கிறது. என் பிரிண்டரில் அதை அடிக்கத் தட்டச்சுப் பலகை கிடையாது. தீப்பெட்டி அளவு திரை, மேல் அம்பு, கீழ் அம்பு, அவ்வளவுதான். 9 வர வேண்டுமென்றால் 0-விலிருந்து ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். பதினேழாவது இலக்கத்தில் விரல் தவறினால் மறுபடி முதலிலிருந்து. இரண்டு தடவை தவறியது. மூன்றாவது தடவை எனக்கு ஒரு யோசனை வந்தது. விருந்தாளிகளுக்கென்று ரவுட்டரில் தனி இணைப்பு ஒன்று வைத்திருக்கிறேன். அதன் கடவுச்சொல் நானே வைத்தது: halwa123. (குறைந்தது 8 எழுத்து வேண்டும் என்று அடம்பிடித்ததால்தான் அந்த 123.) அதைப் போட்டேன். ‘இணைந்தது’ என்று பச்சை விளக்கு எரிந்தது. காலை நீட்டி உட்கார்ந்து காப்பி குடித்தேன்.

அச்சிடச் சொன்னால், ‘பிரிண்டர் தொடர்பில் இல்லை’ என்றது கம்ப்யூட்டர்.

பிரிண்டர் பச்சையாகச் சிரிக்கிறது, கம்ப்யூட்டர் அப்படி ஒரு ஆளே இல்லை என்கிறது. அணைத்துப் போட்டேன். ரவுட்டரை முதலில், பிரிண்டரை அடுத்து, கம்ப்யூட்டரைக் கடைசியில் என்று வரிசை மாறாமல் போட்டேன். ஒவ்வொரு தடவையும் நம்பிக்கையோடு ‘அச்சிடு’ பொத்தானையும் அமுக்கினேன். இதை நினைவில் வைத்துக்கொள். மைக்ரோவேவ் அடுப்பும் பிரிண்டரும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்காரர்கள், ஒன்று ஓடினால் மற்றது தடுமாறும் என்று படித்த ஞாபகம் வந்தது. அதனால் இரண்டு நாளாகச் சாம்பாரைச் சுட வைக்காமலே தின்றேன். அப்போது அம்மாவை நினைத்துக்கொண்டேன் என்று எழுதினால் நீ அதையும் அவளிடம் படித்துக் காட்டுவாய். வேண்டாம்.

இன்றுதான் பிடிபட்டது. தன் இணைப்பு விவரத்தை ஒரு தாளில் அடித்துத் தரச் சொன்னால் அதை மட்டும் முத்து முத்தாக அடித்துத் தருகிறது இந்தப் பிரிண்டர். அதில் அதன் முகவரி 192.168.179 என்று தொடங்கியது. கம்ப்யூட்டரின் முகவரியோ 192.168.178. இவன் கீழ ரத வீதியில் கூப்பிடுகிறான், அவன் மேல ரத வீதியில் நிற்கிறான். விருந்தாளி இணைப்பின் லட்சணமே அதுதானாம். வந்தவரைத் திண்ணையில் உட்கார வைத்து இன்டர்நெட் என்னும் மோரைக் கொடுக்கும், வீட்டுக்குள் இருக்கிறவர்களோடு பேச விடாது. பிரிண்டரைத் திண்ணையில் உட்கார வைத்தது நான்தான். ஏழு வருஷமாக இந்த ஊர்த் திண்ணையில் இருக்கிறவனுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டாமா?

ரவுட்டரில் ஒரு பொத்தானை அமுக்கி, 2 நிமிஷத்துக்குள் பிரிண்டரில் ஒன்றை அமுக்கினால் கடவுச்சொல்லே வேண்டாமாம். ஹாலிலிருந்து படுக்கையறைக்கு ஓடினேன். ஒட்டிக்கொண்டது. மணி 10.40. இங்கே 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பது உனக்குத் தெரியும், இங்கே வந்திருந்தபோது உன் மகன் பந்து தட்டிய அன்றைக்கே தெரியும். மூன்று நாளாக நான் அமுக்கியதெல்லாம் ஒன்று விடாமல் வரிசையில் காத்திருந்திருக்கிறது. கடகடவென்று பவர் பத்திரம் 23 பிரதி. கீழ்வீட்டுப் பாட்டி கதவைத் தட்டிவிட்டாள். நான் பிரிண்டரைக் காட்டியதும் முகம் இளகி, “வேலானா?” என்றாள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். வைஃபை என்று நாம் சொல்வதை இவர்கள் சொல்வது ‘டபிள்யூ-லேன்’. ஆனால் டபிள்யூவை ‘வே’ என்பார்கள், லேனை ‘லான்’ என்பார்கள். ஆக, வேலான். வந்த புதிதில், கடையில் “வேலான் இருக்கிறதா?” என்று ஒருவர் கேட்டபோது எனக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை போனது. அந்தப் பழக்கத்தில்தான் நேற்று அப்பாவிடம் “வேலான் பிடிக்கலை” என்று சொன்னேன். அது அம்மா காதில் “வேலனைப் பிடிக்கலை” என்று விழுந்து, ‘பிள்ளைக்குப் புத்தி கெட்டுப்போச்சு, நல்ல புத்தி கொடு, அவன் முடியைத் தாரேன்’ என்று திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டாளாமே!

நேர்ந்தது நேர்ந்ததுதான். தை மாதம் வருகிறேன் என்று சொல். ஆனால் அவள் தருவதாகச் சொன்ன முடியில் முக்கால்வாசி இப்போது என்னிடம் இல்லை. வீடியோ காலில் நான் கேமராவைப் புருவத்துக்கு மேலே தூக்காததை நீ கவனிக்கவில்லையா? அதை மெதுவாக எடுத்துச் சொல்வது உன் பொறுப்பு.

அன்புத் தம்பி