அட்லாண்டிக்குப் போற தசரா செட்டு

வா மருமவனே, உக்காரு. நோட்டீஸப் பாத்தேன். பெங்களூர்ல கம்ப்யூட்டர் தட்டுத நாலு பேரு, அட்லாண்டிக் துடுப்புப் பந்தயத்துக்காக, இந்தக் கரையில லா கொமேரா தீவுல படகேறி, அந்தக் கரையில ஆன்டிகுவா தீவுல எறங்கப் போறியளாம். நடுவுல 4,800 கிலோமீட்டர் தண்ணி. எஞ்சினும் கெடயாது, பாயும் கெடயாது, வெறும் துடுப்பு. சேருத துட்டு ஆதரவில்லாத புள்ளைகளுக்கு. நல்ல காரியம். நாங்குநேரியில பொறந்தவனுக்குக் கடல் ஆசை வாரது ஞாயந்தான். இங்ஙன பெரியகுளமே வருசத்துல பாதி நாள் கிரிக்கெட் மைதானமாக் கெடக்கு, பொறவு எங்க போயி துடுப்பு போட்டுப் பழகுவ?

நோட்டீஸ்ல ஒரு வெவரம் விட்டுப்போச்சு. மார்கழி, தை மாசத்துல அந்தக் கடல்ல காத்து கெழக்கேருந்து மேக்க தள்ளும். அதனாலதான் பந்தயத்த டிசம்பர்ல வைக்கான். பாதித் துடுப்பக் காத்து போடுது. அதுக்கு ஒரு நன்றி அச்சடிச்சிருக்கலாம்லா?

நான் சும்மா சொல்லல. பேரன்கிட்ட போனைக் குடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் பேசுதேன். 1966ல ரிட்ஜ்வே, பிளைத்னு ரெண்டு பிரிட்டிஷ் பட்டாளத்துக்காரனுவ அமெரிக்காவுலேருந்து அயர்லாந்துக்கு 92 நாள்ல துடுப்பு போட்டே வந்து சேந்தானுவ. ஊரே கொண்டாடிச்சு. அதே வருசம் அதே கடல்ல ஜான்ஸ்டன், ஹோர்னு இன்னும் ரெண்டு பேரும் கெளம்பினானுவ. படகு மட்டும் கெடச்சுது, கவுந்து கெடந்துது. ஆளக் காணோம். இதையும் நோட்டீஸ்ல போடலதான், அது சரி.

நம்ம நாட்டுக்காரனும் சளச்சவன் இல்ல. பவிக் காந்தின்னு ஒருத்தன் 2007ல ஒத்தையில அட்லாண்டிக்கத் தாண்டினான். 106 நாளு! நம்ம ஊர்ல நூறு நாள் வேலைன்னு இருந்துதே, அதவிட ஆறு நாள் கூட. அவன் மரத்தடியில உக்காந்து கணக்கு எழுத முடியாது பாத்துக்க. அப்புறம் பெங்களூர்ப் பொண்ணு அனன்யா பிரசாத், கன்னடக் கவிஞர் சிவருத்ரப்பா பேத்தி. 2024 டிசம்பர்ல கெளம்பி 52 நாள்ல, 2025 ஜனவரி கடைசியில கரையேறிட்டா. ஒத்தைப் பொம்பள. ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல சேத்து, மனநலத்துக்கு ஒரு பங்கு, சாமராஜநகர் பக்கத்துல அனாதப் புள்ளைய இல்லத்துக்கு ஒரு பங்குன்னு குடுத்திருக்கா.

நீங்க நாலு பேரு. அங்ஙனதான் எனக்கு இடிக்கி. ரெண்டு மணி நேரம் துடுப்பு, ரெண்டு மணி நேரம் தூக்கம், ராவும் பகலும் அதே முறை. படகு நீளம் நம்ம வீட்டுத் திண்ணைய விடக் கொஞ்சம் கூட. நாலு பேரு குத்தாலத்துக்குப் போயி மூணு நாள் தங்கிட்டு வந்தாலே, வரும்போது ரெண்டு பேரு பஸ்ஸுல முன்னாலயும் ரெண்டு பேரு பின்னாலயும்லா உக்காருதானுவ. ஸ்காட்லாந்துல மக்லீன்னு அண்ணன் தம்பி மூணு பேரு, 2025ல பெருவுலேருந்து ஆஸ்திரேலியாவுக்கு 139 நாள் ஒரே படகுல போயிருக்கானுவ. ஒரு நாள் ராத்திரி அலை ஒருத்தனத் தூக்கிக் கடல்ல போட்டுட்டு. இடுப்புல கயிறு கட்டியிருந்ததால பொழச்சான். நம்ம ஊர்ல அண்ணன் தம்பி ஒரே வரப்புல 139 நிமிஷம் நின்னா மறுநாள் நாங்குநேரி கோர்ட்டுல வாய்தா. அந்தப் பயலுவ சேத்த துட்டு மடகாஸ்கர்ல குடிதண்ணிக்கு. உப்புத் தண்ணி மேல கெடந்து நல்ல தண்ணிக்குத் துட்டு சேத்திருக்கானுவ, பாரேன். படகுலயே கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்குத மிஷின் இருக்காமே, வெயில்ல ஓடுமாமே. திரும்பி வரும்போது அத நம்ம தெருவுக்குக் குடுத்துட்டுப் போ, புண்ணியமாப் போவும்.

இப்ப துட்டு விசயத்துக்கு வாரேன். படகு, பந்தயக் கட்டணம், படகை அங்ஙன கொண்டுபோற செலவு, எல்லாம் லட்சக்கணக்குல. ‘அத நேரா அந்தப் புள்ளைகளுக்கே குடுத்தா என்னலே?’ன்னு உங்கிட்ட கேக்கணும்னு ராத்திரி பூரா யோசிச்சு வச்சிருந்தேன். விடியும்போது குலசை நெனப்பு வந்து, கேள்வி வாயிலேயே நின்னுட்டு.

குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வேசம் கட்டுதாவல்லா? கப்பல்ல வேலை பாத்தவன், பேங்குல இருக்கவன், பத்து ஏக்கர் வயல்காரன், எல்லாம் மாசக் கணக்கா வெரதம் இருந்து, காளியா, கரடியா, குறத்தியா, பிச்சக்காரனா வேசம் போட்டு வீடு வீடா காணிக்கை பிரிக்கான். அவன் கையில இல்லாத துட்டா? அவனே உண்டியல்ல போட்டா அம்மன் வேண்டாம்னா சொல்லுவா? ஆனா சட்டை மடிப்புக் கலையாம வந்து ‘கோயிலுக்குத் தாங்க’ன்னு நின்னா, உங்க அத்தை ஒத்த ரூவா எடுக்க மாட்டா. அதே ஆளு கிரீடத்த வச்சிட்டு, எட்டுக் கைய மாட்டிட்டு, வெயில்ல சாயம் ஒழுக நின்னான்னா, அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சதையும் எடுத்துப் போடுதா. மனுசப்பய துட்ட வேலைக்குக் குடுக்கதில்ல மருமவனே, வேதனைக்குத்தான் குடுக்கான். உன் துடுப்பும் அந்த எட்டுக் கைதான். அனன்யாவுக்குச் சேந்த பவுண்டப் பாத்தா, லண்டன்லயும் அத்தைமாரு உண்டு போல.

ஆனா இப்படி வேசம் கட்டிப் பிரிக்குத தசரா செட்டுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வேசச் செலவு அவனவன் மடியிலேருந்து. மேளம், வேன் வாடகை எல்லாத்தையும் காணிக்கையில கழிக்க செட்டு எதுன்னு ஊருக்கு நல்லாத் தெரியும். அடுத்த வருசம் அவனுக்கு ஒரு படி நெல்லு விழாது. அதனால படகுக்கு உங்க சம்பளத்தப் போடு. இல்ல, கம்பெனிக்காரன் பேர படகு முழுக்க எழுதி அவன்கிட்ட கற. புள்ளைய பேரச் சொல்லி வாங்குன துட்டுல துடுப்பு வாங்கிராத.

இந்தத் தூத்துக்குடியில 1906ல வ.உ.சி. கப்பல் கம்பெனி ஆரம்பிக்க, 25 ரூவா வீதம் 40,000 பங்குன்னு ஊர் ஊரா அலைஞ்சாரு. காலியா, லாவோன்னு ரெண்டு கப்பலும் வந்துது. வெள்ளக்காரக் கம்பெனி டிக்கெட்டே வேண்டாம், சும்மா ஏறுங்க, குடையும் தாறோம்னு கூப்பிட்டானாம். அவரு கப்பல் விடத் துட்டு பிரிச்சாரு, நீ துட்டு பிரிக்கப் படகு விடுத. ரெண்டுலயும் கணக்கு நோட்டு சுத்தமா இருக்கணும்.

அப்புறம் ஒரு சங்கதி. கிட்ட வா, சத்தமாச் சொல்ல முடியாது. உப்புத் தண்ணியும் வேர்வையும் சேந்து, நாள் முழுக்க உக்காந்து, பின்பக்கம் பூரா புண்ணாப் போயிருமாம். துணி உரசுதேன்னு கரைய விட்டுத் தள்ளிப் போனதும் நெறயப் பேரு அம்மணமாவே துடுப்பு போடுதாவளாம். வானமாமலைப் பெருமாள் கோயில் எண்ணெய்க் கிணத்துல ரெண்டு பாட்டில் எண்ணெ வாங்கி வச்சிருக்கேன். தோல் வியாதிக்கு நம்ம தாத்தா காலத்துலேருந்து அதான் மருந்து. பெருமாளுக்குச் சாத்துன எண்ணெ, எங்க தடவுதோம்னு அவருக்குத் தெரிய வேண்டாம்.

எம் பேருக்கு 1,001 ரூவா எழுதிக்க. பாதி இப்ப, பாதி கரையேறினதுக்கப்புறம். முழுசும் முன்கூட்டியே வேணும்னா உங்கம்மாகிட்டதான் கேக்கணும். அவகிட்ட இன்னும் சொல்லலியே நீ? நாளைக்குக் காலைல சொல்லிரு. எனக்கு நாளைக்கு வள்ளியூர்ல ஒரு சோலி இருக்கு, விடியுமுன்ன கெளம்பிருவேன்.