பூசாரி கேட்கும் கோத்திரம்

ஐரோப்பாவில் காசு கட்டி டிவி பார்ப்பவருக்கு ஒரு ஸ்மார்ட் கார்டு தருவார்கள். அதை வாயில் கவ்விக்கொள்ள, பூட்டிய சேனலைத் திறக்கும் 'கேம்' (CAM) மாட்யூல் ஒன்று. பழைய லேப்டாப்பில் செருகிய பிசிஎம்சிஐஏ அட்டையின் அதே உருவம், அதே 68 துளைகள். 1997-இல் வெளிவந்த இஎன் 50221 தரம் சொன்னது: "எந்தப் பெட்டியிலும் செருகலாம்." செருகலாம்தான். படம் வரும் என்று அது சொல்லவில்லையே!

கணினியின் ட்யூனர் கார்டில் செருகிப் பாருங்கள். லினக்ஸ் டிரைவர் மனது வைத்தால் 'சிஏ0' என்றொரு கோப்பு முளைக்கும். முளைத்ததெல்லாம் விளைச்சல் ஆகாது. சேனல் மாற்றும்போதெல்லாம் "ஐயா, இதைத் திறந்து விடுங்கள்" என்று மென்பொருள் மாட்யூலுக்கு மனுப் போட வேண்டும். மனு தவறினால் கறுப்புத் திரை.

பிறகு அந்தத் தரத்தை இறுக்கிய 'சிஐ பிளஸ்' வந்தது. பெட்டி சான்றிதழ் காட்ட வேண்டுமாம். வீட்டில் கூட்டிய கணினிக்கு அது ஏது? காட்டினாலும், மாட்யூல் ஒரு பூட்டைத் திறந்து மறு பூட்டுப் போட்டே அனுப்பும்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் என்பார்கள். இங்கே சாமிக்குச் சந்தா கட்டியாயிற்று. பூசாரிதான் கணினியின் குலம் கோத்திரம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.