மாப்ளே, செஞ்சியில ஹெலனைத் தேடாதே!

மெட்ராஸ்ல ஓவியம் படிச்சுட்டு வந்திருக்கே, சந்தோஷம் மாப்ளே. செஞ்சிக் கோட்டையை வெள்ளைக்காரன் 'கிழக்கின் டிராய்'னு சொன்னானாம், அதை வச்சுப் பெரிய படம் ஒண்ணு வரையப் போறியாம். உங்கம்மா சொன்னா. பேர் வாங்கணும்னா அதுக்கு ஒரு முறை இருக்கு. மேல்மலையனூர்த் திண்ணை ஆளுக்கு என்னா தெரியும்னு நினைக்காம கேட்டுக்கோ.

மண்வெட்டியைத் தொடாதே, முதல்ல கதைப்புத்தகத்தை எடு. ஜெர்மன்காரர் ஷ்லீமான், டிராய்ப் போரைப் பாடின ஹோமரை நம்பித்தான் டிராயைத் தேடித் துருக்கியில ஹிசார்லிக் மேட்டை 1870ல தோண்டினார். நடுவுல பெரிய பள்ளமா வெட்டி, தேடிப் போன காலத்துச் சுவர்களையே வாரிக் கொட்டிட்டார். 1873ல தங்கம் கிடைச்சதும் டிராயை ஆண்ட பிரியாம் ராஜா புதையல்னு சொல்லி, பொண்டாட்டிக்குப் பூட்டிப் படம் புடிச்சார். அந்த நகை டிராய்ப் போருக்குச் சொல்ற காலத்தைவிட ஆயிரம் வருஷத்துக்கு மேல மூத்தது. ஆனா படம் இன்னும் ஓடுது!

அப்புறம் கான்கிரீட். கிரீட் தீவுல ஆர்தர் எவன்ஸ் 1900ல நோசஸ் அரண்மனையைத் தோண்டி, கான்கிரீட் தூண் நிறுத்திச் சாயம் அடிச்சார். ஜில்லியரோன்னு அப்பனும் மகனும் அவர்கிட்ட ஓவியருங்க. சுவர்ல உதிர்ந்த துண்டு கொஞ்சம் கிடைச்சாப் போதும், மீதி ஆளை அவங்களே வரைஞ்சிடுவாங்க. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தின பொண்ணு ஒருத்திக்குப் 'பாரிஸ்காரி'ன்னு பேரு! அல்லி இளவரசன்னு ஒருத்தன் நிக்கிறான். அவன் துண்டெல்லாம் ஒரே ஆளோடதான்னு இன்னும் முடிவாகலை. பிக்காசோவும் 1930கள்ல கிரீட் கதையிலேர்ந்து எருதுத்தலை மனுஷனைத் திரும்பத் திரும்ப வரைஞ்சார். அவர் யோக்கியர், தோண்டி எடுத்தேன்னு சொல்லலை.

உனக்கும் சரக்கு தயார். மொகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் 1690லேர்ந்து 98 வரைக்கும் கோட்டையை முற்றுகை போட்டான். எட்டு வருஷம், டிராய் முற்றுகைக்கு ரெண்டு கொறைச்சல், நீ கூட்டிக்கோ. டிராய்ப் போருக்குக் காரணமான ஹெலன் இல்லாத குறைக்குச் செஞ்சி ராஜா தேசிங்கு இருக்கான். 1714ல ஆற்காட்டு நவாபு படையோட மோதிச் செத்த தேஜ் சிங்தான். பாட்டுக்காரங்க அவன் குதிரையைப் பறக்க விட்டாங்க. 1960ல எம்.ஜி.ஆர். நடிச்சதுலேர்ந்து எவன் தேசிங்கை வரைஞ்சாலும் தாடையில ஒரு குழி விழுந்துடுது. 2025 ஜூலையில யுனெஸ்கோ செஞ்சியை மராட்டியக் கோட்டைங்கள்ல ஒண்ணா பட்டியல்ல சேர்த்துச்சு. மத்த பதினொண்ணும் மகாராஷ்டிராவுல. நாயக்கர், பீஜப்பூர்க்காரன், பிரெஞ்சுக்காரனெல்லாம் ஆண்ட கோட்டைதான். இப்போ அவங்களுக்கு வாய் இல்லை.

நெசமாவே வரையணும்னா கோட்டையில ராஜகிரி மலை ஏறு. எது பழைய கல்லு, எது தொல்லியல் துறை பூசின புதுச் சாந்துன்னு குறிச்சுக்கோ. நீயா சேர்க்கிறதை வேற நிறத்துல வரை. அமாவாசையில மட்டும் கெளம்பிடாதே. நம்ம மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு வர்ற கூட்டத்துல செஞ்சி பஸ்ல கால் வைக்க இடம் கிடைக்காது.