எண்ணூருக்குப் பங்காளி முறையில் ஒரு கார்

கவென்ட்ரி, இங்கிலாந்து
ஞாயிறு இரவு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,



சிவப்புக் காரில் நான் உட்கார்ந்திருக்கும் போட்டோ காலடிப்பேட்டை முழுக்கச் சுற்றிவிட்டதாகத் தம்பி போனில் சொன்னான். "ரேஸ் காரு வாங்கிட்டானாமே, ரெண்டே சீட்டாமே, பொண்டாட்டி புள்ளைய எங்க உக்கார வைப்பான்?" என்று சித்தி கவலைப்பட்டதும் காதுக்கு வந்தது. முதலில் சித்தியிடம் சொல்லிவிடுங்கள்: வண்டி பக்கத்து வீட்டுப் பெரியவருடையது. இங்கே கான்லி என்ற இடத்தில் இருந்த, இதே வண்டியைச் செய்த கார் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது முட்டி வலியால் கிளட்ச் மிதிக்க முடியவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் டிரைவர், அவர் முதலாளி. சம்பளம் ஒரு கப் டீ. சர்க்கரையை வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டும்.

வண்டியின் பெயர் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1965-ஆம் வருஷத்து மார்க் 2. "லாரி கம்பெனிக்காரன் வூட்டுப் புள்ளைக்கு இந்தப் பொம்மை எதுக்குடா?" என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் உறவுமுறையைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் எண்ணூர் தொழிற்சாலை 1948-இல் அசோக் மோட்டார்ஸாகப் பிறந்து, ஆஸ்டின் ஏ-40 கார் பூட்டித்தான் பிழைப்பைத் தொடங்கியது. இங்கிலாந்து லேலண்ட் கூட்டுச் சேர்ந்து 1955-இல் பெயர் அசோக் லேலண்ட் ஆனது. அதே இங்கிலாந்து லேலண்ட்தான் 1961-இல், காசில்லாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃப் கம்பெனியையும் வாங்கியது. வாங்கியவர்கள் என்னென்ன இருக்கிறதென்று பார்க்கத் தொழிற்சாலைக்குள் போனார்களாம். ஒரு மூலையில் தூசித் துணி போர்த்தி ஏதோ கிடந்திருக்கிறது. துணியை விலக்கினால் இந்த வண்டி! ஜோவன்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர் வரைந்து கொடுத்தது. பணமில்லாமல் ஓரங்கட்டி வைத்திருந்தார்கள். லாரிக்காரர்கள் மனமிரங்கி ஆகட்டும் என்றார்கள். 1962 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் மேடையேறிவிட்டது. ஆக, நீங்கள் பூட்டிய லேலண்ட் லாரிக்கும் இதற்கும் தகப்பன் ஒருவர்தான். இது சுவீகாரப் பிள்ளை, அவ்வளவே.

தாய்வழியிலும் மெட்ராஸ் சம்பந்தம் இருக்கிறது. நம் வண்டலூரில் 1961 முதல் வந்ததே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, அந்தக் காரின் சேஸிஸைத்தான் எட்டரை அங்குலம் குட்டையாக்கி இதற்குப் போட்டிருக்கிறார்கள். புதுச் சேஸிஸ் செய்யக் கையில் காசில்லை. இந்த வண்டியிடம் நான் பார்த்த நல்ல குணம், கெட்ட குணம் எதை நோண்டினாலும் கடைசியில் அந்தக் காசில்லாத கதையில்தான் போய் நிற்கிறது.

அழகைப் பற்றி நான் எழுதிப் புரியாது, போட்டோவைப் பார்த்திருப்பீர்கள். உயரம் 1.2 மீட்டர்தான். ஏறுகிறோம் என்று சொல்வதே தப்பு, இறங்கித்தான் உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகு பக்கத்தில் லாரி வந்து நின்றால் டிரைவர் முகம் தெரியாது, வீல் நட்டுதான் தெரியும். துறைமுக கேட்டுக்காக எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்களுக்கு நடுவே இதை விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். ஓட்டுபவனுக்குக் கண்டெய்னரின் அடிப்பக்கம் மனப்பாடம் ஆகிவிடும்.

ஆனால் திரும்புகிற திறமை இருக்கிறதே, அது ஹெரால்டிடமிருந்து வந்த வரம். முன் சக்கரங்கள் ஒடிகிற ஒடிப்பில் 24 அடிக்குள் முழு வட்டம் போட்டுவிடும். லண்டன் டாக்சிக்கே 25 அடி வேண்டும். ராயபுரம் கல்மண்டபம் பக்கத்துச் சந்துகளில் ஷேர் ஆட்டோக்காரர் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு எல்லாரையும் திட்டுகிற இடத்தில், இது ஒரே மூச்சில் திரும்பிப் போய்விடும்.

வேகம்? இன்ஜின் 1147 சிசி, 67 குதிரை சக்தி. வண்டி எடை 700 கிலோ சொச்சம். மிதித்தால் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தொடுமாம். நான் தொட்டதில்லை, தொடவேண்டிய அவசியமும் வரவில்லை. பின்பக்கம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் போகிறபோது அறுபதே நூற்றிருபதாகத் தெரிகிறது. மலிவான சந்தோஷம், போலீசுக்கும் தொந்தரவில்லை. 1962-இல் இது வந்தபோது போட்டிக்கு இருந்த எம்.ஜி. மிட்ஜெட்டில் கதவுக்குச் சுற்றி ஏற்றும் கண்ணாடிகூடக் கிடையாது. இதில் முதல் நாளிலிருந்தே உண்டு. முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் உண்டு.

இனி குறைகள். பேனா இங்கேதான் சூடு பிடிக்கிறது.

முதலாவது, கூரை. மார்க் 2-வில் அது கழற்றி மாட்டுகிற சமாச்சாரம். கம்பிச் சட்டம் தனி, ரெக்சின் துணி தனி. மழை வந்தால் ஓரமாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து, கம்பியைக் குத்தி, துணியை இழுத்து, பட்டனை ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிற வேலை, தாலி கட்டி முடிந்த பிறகுதான் பந்தல் நிற்கும். இங்கிலாந்து மழையோ சீட்டு அனுப்பிவிட்டு வருகிற ரகம் இல்லை. பெரியவர் குடையை விரித்துக்கொண்டு எனக்கு மேற்பார்வை பார்ப்பார். குளிருக்கு ஹீட்டர்கூட அந்த நாளில் தனிக்காசு கொடுத்தால்தானாம். ஹீட்டருக்குத் தனிக்காசு கேட்பது ராயபுரத்தில் நியாயம், கவென்ட்ரியில் அடுக்குமா?

இரண்டாவது, பின் அச்சு. இது உங்களுக்காகவே எழுதுகிறேன். பின் சக்கரங்களுக்குப் போகும் அரை அச்சுகளுக்கு உள்பக்கம், டிஃபரன்ஷியல் ஓரத்தில் மட்டும்தான் மூட்டு. குறுக்கே ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங். சக்கரம் ஏறி இறங்கும்போது அச்சோடு சேர்ந்து சாயும். வேகமாக ஒரு வளைவுக்குள் போய், பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தீர்கள் என்றால் வண்டியின் பின்பக்கம் எழும்பும், வெளிச்சக்கரம் உள்ளே மடியும், வால் சுற்றிக்கொண்டு முன்னால் வரப் பார்க்கும். "வளைவுக்குள் போனபின் பயப்படாதே, பயப்படுவதென்றால் முன்னாலேயே பயப்படு" என்பதுதான் பெரியவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். எண்ணிப் பார்த்தால் வண்டிக்கு வெளியேயும் உதவுகிற புத்தி.

இந்த அச்சை நம் ஊர் மெக்கானிக்குகள் ஹெரால்டிலேயே பார்த்து நொந்தவர்கள். வண்டலூர் ஸ்டாண்டர்ட் கம்பெனி 1972-இல் கெஸல் காரைக் கொண்டுவந்தபோது இதைத் தூக்கி எறிந்துவிட்டு, சாதாரண ஒற்றை அச்சைப் போட்டுவிட்டது. இங்கேயோ அச்சை விட மனசில்லை. 1970-இல் வந்த மார்க் 4-இல் ஸ்பிரிங் பட்டைகளைச் சுழலவிட்டு வியாதியை அடக்கினார்கள். வண்டலூர் வைத்தியம் அறுவை, கவென்ட்ரி வைத்தியம் கஷாயம். இரண்டும் பலித்தன. சின்ன வயதில் நீங்கள் என்னைச் சோழவரத்துக்கு ரேஸ் பார்க்கக் கூட்டிப்போவீர்களே, யுத்தகால விமான ஓடுபாதையில் ஃபியட்டும் ஹெரால்டும் புழுதி கிளப்பிய காலம், அங்கே வளைவுக்கு வளைவு வால் ஆட்டிக்கொண்டு போனவர்களை வீரர்கள் என்று நினைத்துக் கை தட்டினேன். அதில் பாதி வீரம் அச்சினுடையது என்று இப்போதுதான் புரிகிறது.

மூன்றாவது, துரு. சேஸிஸைக் குட்டையாக்கியபோது பக்கவாட்டுச் சட்டங்களையும் எடுத்துவிட்டார்கள். அதனால் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடுதான் உடம்பைத் தாங்குகிறது. அது அரித்துப்போனால் நடுவில் தொய்வு விழும், கதவு சாத்தாது. குளிர்காலத்தில் இங்கே பனி உருக ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். நம் ஊரில் கடல் சும்மா செய்கிற வேலையை இவர்கள் காசு செலவழித்துச் செய்கிறார்கள். பெரியவர் குளிர் தொடங்கியதும் வண்டியை ஷெட்டில் அடைத்துவிடுவார். நாற்பது வருஷம் தாண்டிய வண்டி என்று அரசாங்கம் ரோடு வரியும் கேட்பதில்லை, வருடாந்திரப் பரிசோதனையும் கட்டாயமில்லை. வயசானவர்களை மதிக்கிற தேசம் என்று சித்தியிடம் சொல்லுங்கள். வண்டிகளை மட்டும் என்பதைச் சொல்ல வேண்டாம்.

நான்காவது, அந்த இரண்டு சீட்டு. என் மகளை முன்னால் வைத்து ஒரு ரவுண்டு போனால் வீட்டில் ஒருத்தி வாசலில் நிற்கிறாள். திருவொற்றியூரில் ஒரே பைக்கில் நாலு பேர் சினிமாவுக்குப் போன குடும்பம் நாம். மூன்றாவது ஆளைக் கூப்பிட முடியாத கஷ்டம் ஸ்கூட்டரில்கூடக் கிடையாது.

இத்தனை குறையும் ஒரு பக்கம். பானட்டைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோகும், சித்தப்பா. மூடி மட்டும் இல்லை, மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்த்து முன்பக்கம் முழுக்க மூக்கைத் தரையை நோக்கிச் சாய்த்துத் திறந்துகொள்ளும். இன்ஜின், கார்புரேட்டர், ஸ்டீயரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் அம்மணமாக நிற்கும். ஸ்டூல் தேவையில்லை, முன் டயர் மேலேயே உட்கார்ந்து ஸ்பேனர் போடலாம். தனிச் சேஸிஸ் இருப்பதால்தான் இந்த வசதி. காசில்லாதவன் கொடுத்த பரிசு. இப்போது வருகிற கார்களில் பானட்டைத் தூக்கினால் கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான் முகத்தில் அடிக்கிறது. 1980 வரை மூன்று லட்சத்துக்கு மேல் ஸ்பிட்ஃபயர் விற்றதற்கும், இன்னும் கிழவர்கள் கையால் ஓடிக்கொண்டிருப்பதற்கும் காரணம் அந்த இத்தாலிக்காரர் பாதி, இந்தப் பானட் பாதி என்பது என் தீர்ப்பு.

வரும் ஜூனில் நீங்களும் சித்தியும் விசா எடுத்து வருவது நிச்சயம் என்று எடுத்துக்கொள்கிறேன். இடப் பிரச்சினையை இப்போதே தீர்த்துவிட்டேன். சித்திக்குப் பக்கத்து சீட், எனக்கு ஸ்டீயரிங். நீங்களும் பெரியவரும் ஆளுக்கொரு முன் டயரில் உட்கார்ந்துகொள்ளலாம். இருவரும் லேலண்ட் சம்பளம் வாங்கியவர்கள், பேச்சு ஓயாது, வண்டி நகராது. சித்திக்குக் கண்டிப்பாக ஒரு புத்தகம் எடுத்து வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்