இரண்டு அங்குலம் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்: எகானமி வகுப்புப் பயணி ஒருவன், ராயகிரி, சங்கரன்கோவில் வழி, தென்காசி மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு தலைமை இயக்குநர் அவர்கள், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், சஃப்தர்ஜங் விமான நிலையம் எதிரில், புது தில்லி.

பொருள்: முழங்காலுக்கு இரண்டு அங்குலம் கூடுதல் இடம் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

மகளின் பிரசவத்துக்காக நானும் என் வீட்டுக்காரியும் ஹூஸ்டன் போய்வந்தோம். ராயகிரியிலிருந்து செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம், அங்கிருந்து வளைகுடா, பிறகு ஒரே மூச்சில் பதினாறு மணி நேரம். விமான நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற நிறுவனங்கள் தப்பித்துவிடும். சாப்பாடு, கம்பளி, சினிமா, புன்னகை எல்லாமே கட்டணத்தில் அடக்கம் என்று சொல்லும் பெரிய நிறுவனம். எங்களையும் சேர்த்தே அடக்கியிருந்தார்கள்.

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். போயிங் 777 விமானம் 1995-இல் பயணிகள் சேவைக்கு வந்தபோது, பெரும்பாலான நிறுவனங்கள் எகானமியில் வரிசைக்கு 9 இருக்கை போட்டன. இப்போது அதே விமானத்தில் பெரும்பாலும் 10. விமானத்தின் வயிறு ஓர் அங்குலம்கூடப் பெருக்கவில்லை. அன்றும் இன்றும் உள்ளகலம் சுமார் 19 அடிதான். ஆள் மட்டும் கூடியிருக்கிறது. இருக்கையின் அகலம் 17 அங்குலம் ஆனது. நம் முதுகுக்கும் முன்னால் இருப்பவர் முதுகுக்கும் இடையே 31, மிஞ்சினால் 32 அங்குலம். எங்கள் பக்கம் இரண்டு சென்ட் நிலத்துக்கு அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போய்விடுகிறார்கள். சத்தமே இல்லாமல் பத்துப் பேரின் வரப்பை வெட்டிச் சுருக்கிய உங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள்தான்.

எங்களுக்கு வாய்த்தது நடு நான்கில் நடு இரண்டு. ஓர இருக்கை வேண்டுமானால் தனியாகப் பணம் கட்ட வேண்டுமாம். லட்சத்தைத் தொடும் கட்டணத்தில் ஆள் ஏறலாம், எங்கே உட்காருவது என்பது தனிக் கணக்கு. விமானம் மேலே ஏறியதும் முன்னால் இருந்த பெரியவர் முதுகைச் சாய்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு முன்னால் இருந்தவர் ஏற்கெனவே சாய்ந்திருந்தார். சாப்பாட்டுப் பலகையை இறக்கினால் அது என் தொப்பையில் முட்டிச் சரிந்து நின்றது. தயிர்க் கிண்ணத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறு கையால் சாப்பிட்டேன். வீட்டுக்காரியின் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. குனிந்து எடுக்க வழியில்லை. குனிந்தால் நெற்றி முன் இருக்கையின் டிவியில் இடித்து யாரோ ஒரு கதாநாயகன் ஓட ஆரம்பிக்கிறான். டெக்சாஸில் எல்லோரும் எழுந்த பிறகுதான் கண்ணாடி கைக்கு வந்தது.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்து மலையில் இருப்பது போல. கொடைக்கானலை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். காற்றும் வறண்டு கிடப்பதால் உப்பும் இனிப்பும் நாக்குக்கு மந்தமாகத்தான் படும், சமைத்தவர் மேல் தப்பில்லை. ஆனால் அந்தச் சாப்பாட்டுக் குறியீடுகளை வைத்தவர் யாரென்று தெரிய வேண்டும். சைவத்துக்கு ஏவிஎம்எல். ஏதோ கோடம்பாக்கத்துப் படக்கம்பெனி என்றிருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் ‘இந்து உணவு’ என்று போட்டிருந்ததைச் சைவம் என்று நம்பிப் பதிந்திருக்கிறார். தட்டைத் திறந்தால் கோழி. பாவம், எங்களிடமிருந்த இட்லிப்பொடியையும் எலுமிச்சை ஊறுகாயையும் ரொட்டியில் தடவித்தான் இரவைக் கழித்தார்.

சங்கரன்கோவில் ஆடித்தபசு கேள்விப்பட்டிருப்பீர்கள். அரியும் அரனும் ஒன்றே என்று காட்டச் சொல்லி கோமதி அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்க, சுவாமி சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்தார். நாங்கள் இரண்டு காலையும் மடக்கித் தவம் இருந்தோம். நள்ளிரவில் பணிப்பெண் பிஸினஸ் கிளாஸ் திரையை விலக்கிப் போனபோது எங்களுக்கும் காட்சி கிடைத்தது. அந்தப் பக்கம் ஒருவர் கட்டிலில் குப்புறப் படுத்து உறங்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் ஞாபகம் வந்தது. செங்கோட்டையிலிருந்து சென்னை எழும்பூர் போகும் வண்டி. சங்கரன்கோவிலில் ஏறினால், ஸ்லீப்பர் வகுப்பில் ஐந்நூறு ரூபாய்க்குள் மல்லாந்து படுத்துக் காலை நீட்டலாம். கழிப்பறை நாறும், நடு பெர்த்துக்காரர் தூங்கப் போகும்வரை நாமும் உட்கார்ந்திருக்க வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் ராத்திரி என்றால் மனுஷன் படுக்க வேண்டும் என்கிற சாதாரண விஷயம் ரயில்வேக்குத் தெரிந்திருக்கிறது. அதுவும் தானாகத் தெரிந்துவிடவில்லை. ஒரு காலத்தில் அந்த பெர்த் வெறும் மரப்பலகை. பஞ்சு மெத்தை எல்லாம் முதல் வகுப்புக்கு மட்டும். 1977-இல் மது தண்டவதே ரயில்வே அமைச்சரானார். இரண்டாம் வகுப்புப் பலகையின் மேல் இரண்டு அங்குல நுரைமெத்தை போடச் சொன்னார். முதல் வகுப்பை ஒழிக்கவில்லை, யாருடைய மெத்தையையும் பிடுங்கவில்லை. கீழே இருந்தவர்களுக்கு இரண்டு அங்குலம், அவ்வளவுதான். ஆண்டுகள் பல ஓடியும் கோடிக்கணக்கான முதுகுகள் அந்த உத்தரவின் மேல்தான் படுத்து எழுகின்றன. எந்த அமைச்சர் எத்தனை பாலம் திறந்தார் என்பது எனக்கு ஞாபகமில்லை, இது ஞாபகமிருக்கிறது.

(தண்டவதே அமைச்சராக இருந்த அதே மொரார்ஜி தேசாய் அரசுதான் 1978 பிப்ரவரியில் ஜே.ஆர்.டி. டாடாவை ஏர் இந்தியா தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. விமானத்தில் தானே ஏறி, தேநீரின் நிறம் முதல் இருக்கையின் சாய்மானம் வரை குறிப்பெழுதி அனுப்பிக்கொண்டிருந்த மனிதர் அவர். ரயிலுக்கு மெத்தை போட்ட கையே விமானத்தின் மெத்தையை உருவியது!)

அடுத்தது சக்கர நாற்காலி விவகாரம். அமெரிக்கா போகும் இந்தியப் பயணிகள் நன்றாக நடக்க முடிந்தும் சக்கர நாற்காலி கேட்கிறார்கள் என்று நிறுவனங்கள் புலம்புவதைப் பத்திரிகைகளில் படித்தேன். உண்மைதான். விமானக் கதவருகே வரிசையாக நாற்காலிகள் நின்றன, அவற்றில் பேரன் பேத்தி பார்க்க வந்த நம்மூர் அம்மாக்கள், ஆந்திரத்து அம்மாக்கள், குஜராத்தி அம்மாக்கள். பாதிப் பேருக்குக் கால் வலி இல்லை, இங்கிலீஷ்தான் வலி. நாற்காலியைத் தள்ளுகிறவர் குடிவரவு அதிகாரி வரைக்கும் கூட வருவார், வழி தவறாது, ஆளும் துணை. பெரிய விமான நிலையத்தில் தமிழில் வழி சொல்ல ஓர் ஆளை நிறுத்தினால் அந்த நாற்காலிகளில் பாதி காலியாகிவிடும். மீதிப் பாதியைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். என் வீட்டுக்காரி வரப்பில் புல்லுக்கட்டோடு நடப்பவள். திருவனந்தபுரத்தில் நாற்காலி வேண்டாம் என்றாள். பதினாறு மணி நேரம் கழித்து எழுந்தபோது கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. “ஏங்க, அந்தத் தள்ளுவண்டி நமக்குக் கிடையாதா?” என்று கேட்டாள். நாற்காலிக்குத் தேவையை உண்டாக்குவது இருக்கைதான், ஐயா. அதன் மேல் மட்டும் யாரும் புகார் எழுதுவதில்லை. இப்படி நீண்ட நேரம் மடங்கி உட்கார்ந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயம் கூடும் என்பதற்கு மருத்துவர்களே ‘எகானமி கிளாஸ் சிண்ட்ரோம்’ என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பிஸினஸ் கிளாஸுக்கு அப்படி ஒரு வியாதி வைக்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

இருக்கைக்கு அளவு வைப்பதை அமெரிக்காவே செய்யவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். 2018-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இருக்கைக்குக் குறைந்தபட்ச அளவு நிர்ணயிக்கச் சொல்லிச் சட்டமே போட்டது. அங்குள்ள உங்கள் சகோதர அலுவலகம், இருக்கை நெருக்கமானால் ஆபத்தில் விமானத்தைக் காலி செய்யத் தாமதமாகுமா என்று ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தது. சோதனைக்கு வந்தவர்கள் எல்லோரும் அறுபது வயதுக்கு உட்பட்ட, கை கால் திடமானவர்கள். பேரன் பார்க்கப் போகும் எங்கள் கூட்டத்தில் அப்படி ஒருவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2022-இல் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். 26,000-க்கும் மேல் வந்து குவிந்தது. அளவு மட்டும் வந்தபாடில்லை. அவர்களுக்கு முன்னால் செய்து காட்ட உங்களுக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு இது.

திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டில் எங்களுக்கு வேண்டாம். எட்டு மணி நேரத்துக்கு மேல் பறக்கும் விமானங்களில் 32 அங்குலத்தை 34 ஆக்குங்கள். வரிசை குறையும், கட்டணம் ஏறும் என்று நிறுவனங்கள் கணக்கோடு வந்து நிற்கும். அந்தக் கணக்கு பொய்யல்ல என்பதால் அதைத் தீர்க்க அவகாசம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் பிஸ்கட் பாக்கெட் வாங்கினால்கூட நிகர எடை இத்தனை கிராம் என்று அச்சடித்திருக்கிறது. அச்சடிப்பது சட்டப்படி கட்டாயம். லட்ச ரூபாய் டிக்கெட்டில் பெட்டியின் எடை இருக்கிறது, கைப்பையின் எடை இருக்கிறது, உட்காரும் இடத்தின் அளவு இல்லை. பணம் கட்டும் முன்பே இருக்கையின் நீள அகலத்தை அங்குலத்தில், கட்டணத்துக்குப் பக்கத்தில், அதே எழுத்தளவில் காட்ட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். இந்தியாவில் டிக்கெட் விற்கும் எல்லா நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். அடுத்த பிரசவத்துக்குள் கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நடு நான்கின் நடுவிலிருந்து ஒருவன்.