தபேலாவும் கிடாரும்

பரம்பரை தபேலாக் கலைஞரான ஜாகிர் உசேன் கிடார், ட்ரம்ஸ் என்று ஊர் உலகத்தோடெல்லாம் கூட்டுச் சேர்ந்தாரே, சம்பிரதாயம் கெட்டுப்போகாதா? – ஒரு வாசகர், தஞ்சாவூர்

கெடுத்தது யார், மகனா, அப்பாவா? அப்பா, பஞ்சாப் கரானா என்ற வாசிப்பு மரபின் உஸ்தாத் அல்லா ரக்கா, அமெரிக்க ஜாஸ் ட்ரம்மர் பட்டி ரிச்சுடன் 1968-லேயே இசைத்தட்டு போட்டுவிட்டார்!

மகன் 1970-களில் ஜான் மெக்லாஃப்லினின் கிடாரோடு 'சக்தி' குழுவில் சேர்ந்தபோது, பக்கத்தில் கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம். வடக்கத்தித் தபேலா நம்மூர்க் கடத்தோடு மல்லுக்கட்டிக் கொஞ்சியதைக் கேட்க அமெரிக்கா, ஐரோப்பா எல்லாம் திரண்டது. 2024 பிப்ரவரியில் ஒரே இரவில் ஜாகிருக்கு மூன்று கிராமி விருதுகள். அதில் ஒன்று 'சக்தி'யின் 'திஸ் மொமென்ட்' ஆல்பத்துக்கு. விக்குவின் மகன் செல்வகணேஷும் அதில் வாசித்திருக்கிறார். அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் போய்விட்டார். பெரிய இழப்பு.

பதிவுகளைக் கேளுங்கள்; காணொளி கிடைத்தால் இடது கையைக் கவனியுங்கள். தபேலா ஜோடியில் இடப்பக்கம் இருக்கும் பாயானின் தோலில் உள்ளங்கையின் அடிப்பகுதியை அழுத்தி நகர்த்தி, நாதத்தைக் குழைத்து மேலேற்றுவார். அப்பாவிடம் பாடம் கேட்ட கை அது. எதிரே யார் எந்த வாத்தியத்தோடு உட்கார்ந்தாலும் அந்தக் கை மாறவே இல்லை.